மாடியில் அழுகிறவள்

கழுகாசலமூர்த்தி துணை

கோவில்பட்டி
12-7-82

அன்புள்ள தம்பி சீனிக்கு,

அக்கா கிருஷ்ணவேணி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் மரப்பட்டறை வேலை உனக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது, சாப்பாடு வயிற்றுக்கு ஆகிறதா என்று விரிவாக எழுது. போன கடிதத்தில் ‘சௌக்கியம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அதைப் படிக்கவா நான் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறேன்?

ஊரில் மழை இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நம் ஆடுகளை வன்னியபெருமாள் மாமா பார்த்துக்கொள்கிறார். அம்மா வீட்டுச் சாவியும் அவரிடம்தான். அம்மா போய் நாலு மாதம் ஆகப் போகிறது. கம்பெனி லீவு தராமல் உன்னால் வர முடியவில்லை என்று, அன்றைக்கு வீட்டில் நடந்ததையெல்லாம் அத்தான் நீ கொடுத்த மெஷினில் பிடித்துத் தபாலில் அனுப்பினாரே, அந்தக் கேசட் வந்ததா? நீ ஒன்றும் எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காது சும்மா இருந்தால் கை ஓடாத மனுஷன் உன் அத்தான். மாடக்கண்ணு அண்ணாச்சியின் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையை எடுத்து ‘ஸ்டூடியோ’ என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து நான்தான் மத்தியானச் சோறு கொண்டு போகிறேன். இரும்புப் படியில் கால் வைக்கும்போதே இன்றைக்குப் படத்தில் எதை எழுதுகிறார் என்று சொல்லிவிடுவேன். சினிமாப் பாட்டு ஓடினால் சேலை, நகை, தாமரைப்பூ. நாகசுரம் ஓடினால் சாமி முகம். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் சாமிக்குக் கண் திறக்கிறார், நான் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். காலண்டருக்குப் படம் வாங்க வருகிற சிவகாசிக்காரர்களுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியாது.

ஒரு மாதமாக அந்தக் கணக்கு தப்பிவிட்டது. படியேறினால் மேலே ஒரு பெண் அழுகிறாள். ரேடியோவில் அழுவதுபோல அழகான அழுகை இல்லை. தொண்டை கட்டிப்போன அழுகை. நடுநடுவே ஏதோ சொல்லவும் செய்கிறாள். என்னவென்று பிடிபடவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் டக்கென்று நின்றுவிடுகிறது. உள்ளே போனால் அத்தான் மட்டும் தூரிகையைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, மொட்டைமாடிக்குப் போகிற கதவு. அது எப்போதும் சும்மா சாத்தித்தான் கிடக்கும்.

நேற்று மாடக்கண்ணு அண்ணாச்சியே என்னைக் கூப்பிட்டு, “தாயீ, தப்பா நெனைக்காத. சாமி படம் எழுதுத எடத்துல பொம்பள அழுகுத சத்தம் நல்லா இல்ல. யாரு என்னன்னு பாத்துக்கோ” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மடியில் ஒன்றும் இல்லை. கடம்பூர் முப்பிடாதி மதினி மாதத்துக்கு ஒருதரம் தன் தம்பியை, உன் அத்தானைப் பார்க்க வருகிறாள். கையில் போளிப் பொட்டலம் இருந்தால் எங்கோ அவருக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்த மாதம் இரண்டு பொட்டலம். பெண் எட்டயபுரமாம்.

உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. இதை மனதில் வைத்துப் பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி


மஸ்கட்
10-8-82

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சீனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்லபடி இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. கைவிரலில் உளி பட்டுக் கொஞ்சம் காயம், அதனால்தான் எழுதத் தாமதம். இப்போது ஆறிவிட்டது, கவலைப்படாதே. நீயும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். வன்னியபெருமாள் மாமாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே எங்கள் பட்டறையிலும் ரேடியோ உண்டு. ஒரு பக்கம் மலையாளப் பாட்டு, ஒரு பக்கம் அரபுப் பாட்டு, நடுவில் ரம்பம். எது எந்தப் பாஷை என்று பிரிக்கவே முடியாது.

நீ எழுதியிருந்த சத்தத்தைப் பற்றி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அது ரேடியோ நாடகமாக இருக்கும். இலங்கையில் போடுகிறார்களே, அந்த மாதிரி. அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் சொல்வதை ஒன்று மட்டும் கேள். படியேறும்போது செருப்பு நன்றாகச் சத்தம் போடும்படி ஏறு. வேலையில் இருக்கிறவர்கள் திடுக்கிட்டால் கோடு கோணிவிடும்.

மதினி கொண்டுவருகிற போளியைத் தின்றுவிட்டுப் பேசாமல் இரு.

அன்புத் தம்பி,
சீனி


கோவில்பட்டி
28-8-82

அன்புள்ள சீனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விரல் காயத்துக்கு மஞ்சள் வைத்தாயா? இங்கே எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுக்குத்தான் சுகமில்லை. மாமாவின் மூட்டுவலியைக் கேட்டிருந்தாய். அது அவரோடு பிறந்தது.

நீ சொன்னபடி படியில் டக் டக்கென்று ஏறினேன். சத்தம் முன்பைவிடச் சீக்கிரமாக நின்றுவிட்டது. பிறகுதான் உறைத்தது. என்னடா தம்பி இது? அக்கா கண்டுபிடிக்கட்டும் என்றல்லவா நீ வழி சொல்ல வேண்டும்? அவர் உஷாராவதற்கு வழி சொல்லியிருக்கிறாய்.

அதோடு போகட்டும். உன் கடிதம் வந்த மறுநாள் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். “யாரு அழுதது?” என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “ரேடியோ நாடகம்ட்டி” என்றார். நீ எழுதியதும் அதே சொல். மறுநாள் அந்தச் சத்தம் கேட்ட நிமிஷமே கீழே இறங்கி, அண்ணாச்சி கடை ரேடியோவில் இலங்கையை வைக்கச் சொன்னேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாடகமும் இல்லை, நாட்டியமும் இல்லை. ஆக, என்னிடம் பொய் சொல்லத் தெரிந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள்.

இன்னும் கேள். சிவகாசியிலிருந்து தவழ்கிற பாலகிருஷ்ணன் படத்துக்கு ஆர்டர் வந்தது. உன் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற படம் அது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டால், “பிள்ளைப் படம் எழுத இப்ப மனசு இல்ல” என்கிறார். பிறகு வண்ணம் வாங்கவென்று மதுரைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஆனி மாதம் லீவில் வந்த கழுகுமலை சிவனாண்டி அண்ணனிடம் நீ எனக்குச் சோப்பும் சேலையும் கொடுத்தனுப்பினாய். அத்தானுக்குத் தனியாக ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தனுப்பினாயே, அதில் என்ன இருந்தது? அம்மா கேசட் வந்ததா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. இரண்டுக்கும் பதில் எழுது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
கிருஷ்ணவேணி


மஸ்கட்
15-9-82

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

சீனியின் வணக்கம். இந்தக் கடிதத்தை ஸ்டூடியோ விலாசத்துக்குப் போடுகிறேன், மன்னிக்கவும். தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? கண் எரிச்சல் குறைந்ததா?

அக்கா எல்லாவற்றையும் கவனிக்கிறாள். சிவனாண்டி அண்ணன் கொண்டுவந்த பொட்டலத்தைக்கூடக் கேட்டுவிட்டாள். அதை ஒருதரம் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று தாங்கள் முடிவு செய்வீர்கள் என்றுதான் அனுப்பினேன். தினம் தினம் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்று, அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நான் அவளுக்கு என்னவென்று பதில் எழுதுவது?

தங்கள் அன்பு மைத்துனன்,
சீனி


நந்தகோபால் ஸ்டூடியோ
கோவில்பட்டி
4-10-82

அன்புள்ள மாப்பிள்ளை சீனிக்கு,

இங்கு யாவரும் சுகம். அங்கு உன் சுகத்தை அடிக்கடி தெரியப்படுத்து. கண் எரிச்சல் பரவாயில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அழிக்க இரண்டு மூன்று தடவை பட்டனில் விரல் வைத்தேன். முடியவில்லை. அவள் குரலைக் கேட்டால் கை ஓடுகிறது என்று சொன்னால் பொய். கை நின்றுவிடுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். நாகசுரம் வைத்தாலும் அதற்குள் அவள் குரல்தான் கேட்கிறது. இந்த வருஷம் நான் எழுதிய லட்சுமி முகம் எல்லாம் அழுது முடித்த முகமாக இருக்கிறது என்று சிவகாசியில் குறை சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

மதுரைக்கு ஒருமுறை போய் வந்துவிட்டேன். இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அது முடியாமல் உன் அக்காவிடம் நான் வாய் திறக்க முடியாது. அதுவரை நீயும் திறக்காதே.

இப்படிக்கு,
நந்தகோபால்


கோவில்பட்டி
20-10-82

அன்புள்ள தம்பி சீனிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீதான் எழுதுவதில்லையே. இங்கே இரண்டு உழவு மழை பெய்துவிட்டது. ஊர்ப்பக்கம் எல்லாரும் கம்பும் உளுந்தும் விதைக்கிறார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

உன் அத்தான் திரும்பவும் மதுரைக்குப் போனார். இந்தத் தடவை வண்ணம் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, தலை படிய வாரிக்கொண்டு போனார். ராத்திரி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். “யாரப் பாக்கப் போனீக?” என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று மதினி வந்தாள். போளி வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், அவர்கள் பேசியது தெளிவாகக் காதில் விழுந்தது.

“ஏலே, அந்த எட்டயபுரத்துக்காரவுக எம்புட்டு நாளு காத்துக் கெடப்பாக? இவ ஒரு பக்கம் இருந்துட்டுப் போறா. யாரு வெரட்டச் சொன்னா? வம்சம்னு ஒண்ணு வேண்டாமா?”

வழக்கமாக அவர் எழுந்து வெளியே போய்விடுவார். நேற்று போகவில்லை. “இன்னும் கொஞ்ச நாளு பொறுக்கா. நானே ஒரு முடிவு சொல்லுதேன்” என்றார்.

கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். முடிவு சொல்கிறாராம். மாடியில் அழுகிறாளே, அவளுக்கும் அதே முடிவைத்தான் சொல்லியிருப்பார். ‘எப்போது என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்கள்’ என்று கேட்டுத்தான் அவள் அழுகிறாளோ என்னவோ.

எனக்குப் பயமாக இருக்கிறது சீனி. இத்தனை வருஷம் மலடி என்று பேர் வாங்கிக்கொண்டு, நாலு பேர் வளைகாப்பில் ஒதுங்கி நின்று, வாய் திறக்காமல் இருந்தேன். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அது அவளோடு போய்விட்டது. இப்போது இவர் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால், நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அவளுக்கு வெந்நீர் வைத்துக்கொடுக்க மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். ஆடு மேய்த்துப் பிழைக்கத் தெரியாதவளா நான்? வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லி வன்னியபெருமாள் மாமாவுக்கு ஒரு வரி எழுது. நீ ஆண்பிள்ளை எழுதினால்தான் அவர் கொடுப்பார்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா கிருஷ்ணவேணி


கோவில்பட்டி
22-11-82

சீனிக்கு,

அக்கா எழுதுவது. நலம் கேட்கும் மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா?

தீபாவளி போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாமாவுக்கு மட்டும் எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது, அவர் நேரில் வந்து சாவியைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். தை பிறக்கட்டும் என்று பார்க்கிறேன்.

நீயும் அவர் பக்கம் என்றால் அதையாவது எழுதித் தொலை.

கிருஷ்ணவேணி


மஸ்கட்
10-12-82

என் அன்பு அக்காவுக்கு,

சீனி உன் காலைத் தொட்டு எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மூன்று கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நான் நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நான் யார் பக்கமும் இல்லை, உன் பக்கம்தான். ஆனால் நீ கேட்டதற்கு என் கையால் பதில் எழுத எனக்கு வாய்க்கவில்லை. எனக்குத் தெரியக்கூடாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய். செருப்பைக் கீழே அண்ணாச்சி கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறு. வெளியே நிற்காதே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போ. அத்தானை ஒன்றும் கேட்காதே. அந்தக் குரலை முழுசாகக் கேள். அதற்குப் பிறகும் உனக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. நான் மாதாமாதம் உனக்குப் பணம் அனுப்புகிறேன்.

என்மேல் கோபம் வரும். வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி,
சீனி


கோவில்பட்டி
28-12-82

தம்பி சீனிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த அன்றே போனேன்.

செருப்பைக் கழற்றினேன். இரும்புப் படி காலைச் சுட்டது. அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினேன். அத்தான் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னும் கண் திறக்காத லட்சுமி. பக்கத்தில் மனுஷி யாரும் இல்லை. ஸ்டூல் மேல் நீ கொடுத்த மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதற்குள்ளேதான் அழுதுகொண்டிருந்தாள்.

நீ ஒன்றும் கேட்காதே என்று எழுதியிருந்தாய். என்னால் முடியுமா? “எவ அவ? ஊரு எது? அவ அழுகய மெஷின்ல புடிச்சு வச்சுக் கேக்குத அளவுக்கு ஒறவு முத்திப் போச்சோ?” என்று கத்தினேன். கீழே கடையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அத்தான் எழுந்திருக்கவில்லை, பட்டனையும் அமுக்கவில்லை. “உக்காருட்டி. கேளு” என்றார்.

உட்கார்ந்தேன். யாரோ ஒருத்தி செத்த வீட்டில் ஒப்பாரி சொல்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. காக்கை மாதிரிக் குரல். மூச்சு வாங்குகிறது, ராகம் நிற்கவில்லை. எனக்கு அந்த நிமிஷத்திலும் அவள்மேல் எரிச்சல்தான். ஒழுங்காக ஒப்பாரி வைக்கக்கூடத் தெரியாதவளுக்காகவா என்று நினைத்தேன்.

பிறகு அவள் சொன்னது காதில் விழுந்தது.

ஊருக்கெல்லாம் பிள்ளை எழுதி
ஒசரத்தில் மாட்ட வச்சார்
எம் மடிக்கு ஒண்ணு எழுதலையே
என்னைப் பெத்த மகராசி

கொறை எனக்கு இல்லையின்னு
டாக்டரம்மா சொன்ன சொல்ல
கொண்டுக்கிட்டுப் போறியேம்மா
எனக்கினி யாரு சாட்சி

பின்னால் வன்னியபெருமாள் மாமா இருமினார். யாரோ ஒரு பெண், “பெத்தம்மா, ஒம் மக அழுகுதா பாரு” என்றாள். பெத்தம்மா நம் அம்மா. அழுகிறவள் நான்.

என் குரல் அப்படியா இருக்கும் சீனி? என் காதுக்குள் நான் பேசுவது வேறு மாதிரி அல்லவா கேட்கிறது? இந்த ஆறு மாதமாக நான் ஒருத்தியைத் திட்டித் தீர்த்தேன். அவள் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வேன், எப்படி மூஞ்சியில் அடித்தாற்போலக் கேட்பேன் என்றெல்லாம் ராத்திரியில் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் பார்த்தால் அவளுக்குப் போக்கிடம் இல்லை, அம்மாவைக் கட்டிக்கொண்டு கேவுகிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே, எழுதினால் என்ன? ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். “உங்கிட்ட ஒரு கொறையும் இல்ல, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா” என்றார் அந்த அம்மா. பஸ்ஸில் வரும்போது அம்மா, “இத வெளிய சொல்லாத. ஆம்பள ஒடஞ்சு போவான். நமக்குள்ளயே கெடக்கட்டும்” என்றாள். கிடந்தது. அவள் செத்துக் கிடந்தபோது மனசு தாங்காமல் ஒப்பாரியில் வந்துவிட்டது. செத்த வீட்டில் அத்தனை பெண்கள் ஒன்றாக அழும்போது யார் சொல்லை யார் கேட்கிறார்கள்? அந்தத் தைரியத்தில் பாடினேன். உரல் மேல் மெஷின் இருந்தது எனக்கு நினைவே இல்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் பாடும்போது அவர் தொட்டுவிடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. நீ கடல் தாண்டி இருந்து கேட்டு, கேசட்டைத் திருப்பி அனுப்பி, ‘அத்தான், இதைக் கேளுங்கள்’ என்று சொன்ன பிறகுதான் விழுந்திருக்கிறது. அதை அவரிடமே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா” என்றார்.

மதுரைக்குப் போனது ஆஸ்பத்திரிக்கு. இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்களாம், குறை அவரிடம்தான் என்று. மருந்துக்குச் சரியாகிற குறையும் இல்லையாம். “இதத் தெரிஞ்சிக்கிடாம ஒங்கிட்ட என்னத்தப் பேச? தெரிஞ்ச பெறவு பேசவே முடியல” என்றார். அழுதார். நான் அழவில்லை. எனக்குப் பதிலாக அந்த மெஷின் அழுதுகொண்டிருந்தது.

“இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லு, செய்யுதேன்” என்றார்.

“பொங்கலுக்கு மதினி வருவாகள்லா. அவுக முன்னால இதச் சொல்லுங்க” என்றேன்.

அவர் தூரிகையை எடுத்தார், வைத்தார். நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

சொல்லுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை சீனி. மூடிய அறைக்குள் அழுவது சுலபம். சாவி இன்னும் என் முந்தானையில்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அந்தக் கேசட்டை நீ அங்கே எத்தனை பேர் நடுவில் போட்டாய்?

கிருஷ்ணவேணி


மஸ்கட்
18-1-83

அன்புள்ள அக்காவுக்கு,

சீனியின் வணக்கம். பொங்கல் அன்று இங்கே அறையில் பால் பொங்கவைத்தோம். உன் நினைவாகவே இருந்தேன்.

மழுப்பவில்லை. பட்டறையில்தான் போட்டேன், ரேடியோவை நிறுத்திவிட்டு. அம்மா காரியத்தை வேலை நேரத்தில் காதால் கேட்டாவது கழித்துவிடலாம் என்று நினைத்தேன். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீ பாட ஆரம்பித்ததும் பக்கத்தில் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்த பட்டாணி சாயபு அதை நிறுத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். அவனுக்கு ஒரு சொல் புரியாது. எனக்குத்தான் எல்லாம் புரிந்தது. நீ அம்மாவிடம் தனியாகச் சொன்னதை ஒட்டுக்கேட்டது மாதிரிக் கூசிப்போனேன். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை. அத்தான் காதில் விழாமல் அது அழிந்துபோகவும் மனம் ஒப்பவில்லை.

நான் செய்தது தப்பு என்றால் சொல். மதினி வந்தாளா? அத்தான் என்ன செய்தார்? எனக்குத் தூக்கம் இல்லை.

தம்பி,
சீனி


கோவில்பட்டி
10-2-83

அன்புள்ள தம்பி சீனிக்கு,

அக்கா எழுதுவது. நீ தூங்கு. இங்கே நாங்கள் சுகம். மாமா இந்த வருஷம் நம் ஆடுகளை உரத்துக்காகப் பிறர் காட்டில் கிடை போட்டதில் கூலியாக நாலு மூட்டை கம்பு வந்திருக்கிறது. அந்தப் பட்டாணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

மதினி பொங்கல் கழிந்து வந்தாள். போளியும் வந்தது. வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டயபுரத்துப் பெண்ணைப் பற்றி அவள் ஆரம்பித்ததும் நான் உள்ளே போய்விடாமல் நிலைப்படியிலேயே நின்றேன். அத்தான் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கை தானாக முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா, பொண்ணு பாக்காத. கொறை எங்கிட்டதான். மதுரையில பாத்துட்டுச் சொல்லிட்டாக. இவகிட்ட ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததும் இல்ல” என்றார்.

மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். “மெதுவாப் பேசுலே, பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏட்டி, பாத்துக்கிட்டு நிக்க. அந்த ரேடியோவக் கூட்டி வையி” என்றாள்.

போனேன். ரேடியோவை நிறுத்தினேன். மதினி சாத்திய தெருக்கதவையும் திறந்துவிட்டேன்.

அத்தான் இன்னொருதரம் சொன்னார். முதல்தரத்தைவிடச் சத்தமாகவே சொன்னார்.

மதினி பஸ் ஏறிப் போய்விட்டாள். தம்பி பெயர் கெட்டது என்று அழுதுகொண்டுதான் போனாள், அதுவும் பாவம்தான். போளியை நாங்கள் இரண்டு பேரும் தின்றோம். சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். நேற்று ஸ்டூடியோவில் நாகசுரம் கேட்டது, படியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பாய். தெரியவில்லை தம்பி. நல்ல மனுஷன்தான், இனிமேலும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நாளைக்கு யாராவது இன்னொரு போளிப் பொட்டலத்தோடு வரலாம், இவருக்கும் மறந்துபோகலாம். அழித்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் கேசட்டை வாங்கி, என் பெட்டியில் அம்மா சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எனக்குச் சாட்சி அங்கே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் வா.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி